பிள்ளையின் கேள்வியை அடக்கி விடாதீர்கள்!



இதை வாசிப்பதற்கு முன் ஒரு நிமிடம் எழுந்து சென்று உங்கள் சமையலறைக் கதவின் பின்னால் பாருங்கள். பொலித்தீன் பைகளை அடைத்து வைத்த ஒரு பெரிய பை அங்கே ஓர் ஆணியில் தொங்கிக் கொண்டிருக்கும். மீன் வாங்கிய பை, மரக்கறி வாங்கிய பை, பாண் வாங்கிய பை, பாமசியில் மருந்து வாங்கிய பை. எதற்காவது உதவும் என்று எடுத்து வைத்தவை. அவற்றில் ஒன்றில்தான் நேற்றைய மீன் கழிவையும் மிஞ்சிய சோற்றையும் போட்டு, இறுக முடிச்சிட்டு, குப்பை எடுக்க வந்த ட்ரக்டரில் கொடுத்திருப்பீர்கள். வீடு சுத்தமாகிவிட்டது, நீங்களும் அதை மறந்துவிட்டீர்கள்.

அந்தப் பை எங்கே போய்ச் சேர்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்று ஓர் இடம் இருக்கிறது. சுற்றுவட்டாரத்து ஊர்களின் குப்பை அங்கே கொண்டுபோய்க் கொட்டப்பட்டு வந்தது. காட்டை அண்டிய இடமாதலால், சோற்றின் வாசனையும் உப்பின் ருசியும் யானைகளை அங்கே இழுத்து வந்தன. முடிச்சிட்ட பையை அவிழ்த்து, சோற்றை மட்டும் தின்ன யானைக்குத் தெரியுமா? பையோடு சேர்த்தே அது விழுங்கியது. விழுங்கிய பொலித்தீன் குடலை அடைத்துக் கொண்டது. 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. எட்டு ஆண்டுகளுக்குள் அந்தக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்த யானைகள் சுமார் 20 என்று அப்போது கணக்குச் சொல்லப்பட்டது. இறந்த யானைகளின் வயிற்றை வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர்கள் கண்டது பொலித்தீனையும் உணவு சுற்றிய உறைகளையும்தான். யானை வழக்கமாகத் தின்னும் இலை தழையைக் காணவில்லை.

இந்தப் படத்தைத் தொலைபேசியிலோ தொலைக்காட்சியிலோ பார்த்த உங்கள் மகள் ஓடி வந்து, “உம்மா, எங்கட வீட்டுப் பையும் அதுக்குள்ள இருந்திருக்குமா?” என்று கேட்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான். “அதெல்லாம் பெரிய ஆக்கள் பார்த்துக் கொள்வாங்க. நீ போய்ப் படி!”

பிள்ளை போய்ப் படிக்கிறாள். பையும் கதவின் பின்னால் தொங்குகிறது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நாம் எதை இழந்தோம் என்பது நமக்குத் தெரிவதில்லை. அநீதி ஒன்றைக் கண்டு ஓர் உள்ளம் பதறி, ‘நான் என்ன செய்யலாம்?’ என்று கேட்பதுதான் தலைமைத்துவத்தின் முதல் விதை. அந்த விதையை நம் கையாலேயே எடுத்து வெளியே எறிந்துவிட்டோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வருகிறது.

மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்தது

சுற்றாடலைப் பேணுவது மேல்நாட்டாரிடமிருந்து வந்த புதிய பேச்சு என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பூமியில் மனிதனைத் தன் பிரதிநிதியாக அல்லாஹ் ஆக்கியிருக்கிறான். நிலத்திலும் கடலிலும் தோன்றியுள்ள சீர்கேடுகள் மனிதர்களின் கைகள் தேடிக் கொண்டவை என்று அல்குர்ஆன் எச்சரிக்கிறது. ஒரு குருவியின் குஞ்சுகளைத் தோழர்கள் எடுத்துவிட, தாய்க்குருவி சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்கள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவையோ மனிதனோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்று கற்றுத் தந்தார்கள். கியாமத் நாள் வந்துவிட்டாலும் கையில் ஒரு கன்று இருந்து, அதை நட முடியுமானால் நட்டுவிடும்படி ஏவினார்கள். ஷாம் தேசத்தை நோக்கிப் படை அனுப்பிய அபூபக்ர் (ரழி) அவர்கள் கனி தரும் மரங்களை வெட்டக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். போர்க்களத்திலும் மரத்துக்குப் பாதுகாப்பு!

இளைஞர்களைத் தலைமைக்கு ஆயத்தப்படுத்துவதும் நமக்குப் புதியதல்ல. உஸாமா இப்னு ஸைத் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒரு படைக்குத் தளபதியாக நியமித்தபோது அவருக்கு வயது சுமார் 18. அந்தப் படையில் மூத்த ஸஹாபாக்களும் இருந்தார்கள். இவ்வளவு இளையவரா என்று சிலர் முணுமுணுத்ததையும், அவர் அதற்குத் தகுதியானவரே என்று நபியவர்கள் உறுதியாக அறிவித்ததையும் நாம் வாசித்திருக்கிறோம். வாசித்துவிட்டு, நம் வீட்டு 18 வயதுப் பிள்ளையைக் கடைக்குத் தனியாக அனுப்பவும் தயங்குகிறோம்.

தலைமைத்துவம் என்பது பிறக்கும்போதே சிலருக்கு மட்டும் வாய்ப்பது அல்ல. சோறாக்குவதைப் போல, தையலைப் போல, அதுவும் பழகப் பழக வருவது. பழகுவதற்கு ஒரு வேலை வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக் கொள்ள ஒருவர் வேண்டும். சூழலைப் பாதுகாக்கும் பணி பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமான பயிற்சிக் களம். ஏனென்றால் அது வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

பாலித் தீவின் இரு சகோதரிகள்

உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளுள் ஒன்று இந்தோனேசியா. அதிலுள்ள பாலி தீவில் பெரும்பான்மையினர் இந்துக்கள். அழகிய கடற்கரைகளுக்குப் பெயர் பெற்ற அந்தத் தீவில் மழைக்காலம் வந்தால் கரையெங்கும் பிளாஸ்டிக் ஒதுங்கும். 2013ஆம் ஆண்டு, மெலாத்தி வைசன், இஸபெல் வைசன் என்ற இரு சகோதரிகளுக்கு அது பொறுக்க முடியாமல் போயிற்று. மூத்தவளுக்கு 12 வயது, இளையவளுக்கு 10.

பாடசாலையில் அவர்களுக்கு உலகை மாற்றியவர்களைப் பற்றி ஒரு பாடம் நடந்தது. மண்டேலா போன்றோரின் வரலாற்றைக் கேட்டுவிட்டு வீடு திரும்பிய இருவரும், ‘பெரியவர்களாகும் வரை காத்திருக்காமல், இப்போதே, இந்த ஊரிலேயே நாம் என்ன செய்யலாம்?’ என்று யோசித்தார்கள். குறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தூக்க முடியாது என்று கண்டு, ஒன்றே ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். அது பிளாஸ்டிக் பை. ஆபிரிக்காவில் ருவாண்டா என்ற சிறிய நாடு 2008இலேயே பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டது என்று அறிந்ததும், ‘அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?’ என்ற துணிவு பிறந்தது. ‘பிளாஸ்டிக் பைகளே, போய் வாருங்கள்’ என்ற பொருளில் தங்கள் இயக்கத்துக்கு ஒரு பெயரும் சூட்டினார்கள்.

முதலில் இணையத்தில் ஒரு மகஜர். ஒரு நாளுக்குள் சுமார் 6,000 பேர் கையொப்பமிட்டார்கள். பிறகு ஒரு யோசனை வந்தது. பாலிக்கு வந்து போகும் மக்கள் எல்லாரும் விமான நிலையத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? அங்கே நின்றால் என்ன? உள்ளே நிற்பதற்கு அனுமதி வேண்டும். ஒரு துப்புரவுத் தொழிலாளியிடம் பேச்சைத் தொடங்கி, அவருடைய மேலாளர், அவருக்கு மேலுள்ளவர், அவருக்கும் மேலுள்ளவர் என்று படிப்படியாக ஏறிப் போய் அந்த அனுமதியைப் பெற்றார்கள். முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட 1,000 கையொப்பங்கள் சேர்ந்தன.

அதோடு நின்றுவிடவில்லை. பெரெரேனான் என்ற கிராமத்தைத் தெரிந்தெடுத்து, தோழர் தோழியரோடு கடை கடையாகப் போனார்கள். பிளாஸ்டிக் பையை விட்டுவிடுங்கள் என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதில் சாமானைக் கட்டிக் கொடுப்பார்? ஆகவே மாற்றுப் பைகளையும் எடுத்துச் சென்றார்கள். பின்னாளில் ஒரு மலைக் கிராமத்துப் பெண்கள் பழைய துணிகளில் பை தைத்துக் கொடுக்கும் முயற்சியும் இந்த இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தது. பிள்ளைகளின் முயற்சி தாய்மாருக்கு ஒரு கைத்தொழிலையும் கொண்டு வந்தது!

ஆனால் சட்டம் வர வேண்டுமே! தீவின் ஆளுநரைச் சந்திக்க அவர்கள் ஒன்றரை ஆண்டு முயன்றும் கதவு திறக்கவில்லை. 2014இல், காலை முதல் மாலை வரை உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அறிவித்தார்கள். மறுநாளே அழைப்பு வந்தது. 2018ஆம் ஆண்டுக்குள் பாலியைப் பிளாஸ்டிக் பை இல்லாத தீவாக்க உழைப்பதாக ஆளுநர் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்.

சகோதரியே, உண்ணாவிரதம் நம் வழிமுறையா என்று நீங்கள் கேட்கலாம். நோன்பு நமக்கு இபாதத்; அதைப் போராட்டக் கருவியாக்குவதை நாம் இங்கே பரிந்துரைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது அவர்களின் பொறுமையை. ஏனென்றால் உடன்படிக்கை கிடைத்த பிறகுதான் உண்மையான சோதனை வந்தது. வாக்குறுதி காகிதத்திலேயே கிடந்தது. மாதங்கள் வருடங்களாயின. அவர்கள் விட்டுவிடவில்லை. 2017இல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிக் கடற்கரைகளைத் துப்புரவு செய்தார்கள். ஆளுநர் மாறினார். 2018 டிசம்பரில் புதிய ஆளுநர், ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் உறிஞ்சு குழாய், ரெஜிபோம் ஆகியவற்றைத் தடை செய்யும் ஆணையில் கையொப்பமிட்டார். 2019இன் நடுப்பகுதியில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

12 வயதில் கேட்ட கேள்விக்கு 18 வயதில் பதில் கிடைத்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்தப் பெண்பிள்ளை கற்றதை எந்த வகுப்பறை கற்றுக் கொடுத்திருக்கும்? பாலியின் கரையில் இன்றும் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் ஒதுங்கத்தான் செய்கிறது. ஒரு சட்டம் கடலை ஒரே நாளில் கழுவிவிடாது. ஆயினும் ஊரின் பேச்சு மாறிவிட்டது. பழக்கம் மாறத் தொடங்கிவிட்டது.

முதலில் பார், பிறகு பேசு

இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். தன்சானியாவின் காட்டில் 1960 முதல் சிம்பன்சிகளை ஆராய்ந்தவர் ஜேன் குட்ஆல் அம்மையார். 2025 அக்டோபரில் தமது 91ஆவது வயதில் அவர் காலமானார். 1991இல், தாருஸ்ஸலாம் நகரில் அவருடைய வீட்டு விறாந்தையில் 12 மாணவர்கள் வந்து அமர்ந்தார்கள். தங்கள் பகுதியில் கண்ட சீர்கேடுகளை அவரிடம் முறையிட்டார்கள். அவர் அவர்களுக்காக எதையும் செய்து கொடுக்கவில்லை. ‘நீங்களே குழுவாகச் சேர்ந்து செய்யுங்கள்’ என்று ஊக்கினார். ‘வேர்களும் தளிர்களும்’ என்ற பொருள்படும் இளைஞர் இயக்கம் அந்த விறாந்தையில் பிறந்து, இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது.

அந்த இயக்கத்தின் முறை எளிமையானது. பிள்ளைகள் முதலில் தங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்கிறார்கள். மனிதருக்கு என்ன குறை, மிருகங்களுக்கு என்ன குறை, சூழலுக்கு என்ன குறை என்று குறித்துக் கொள்கிறார்கள். எதைச் செய்வது என்று பெரியவர்கள் சொல்வதில்லை. பிள்ளைகளே கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். செய்து முடித்ததும் அதை மகிழ்ந்து கொண்டாடுகிறார்கள். முடிவெடுக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுப்பதுதான் அங்கே பயிற்சி.

கேட்பவரின் மொழியில் பேசுதல்

அதே தன்சானியாவைச் சேர்ந்த சன்சிபார் பகுதியில் பெம்பா என்ற தீவு உண்டு. அதன் அருகே மிஸாலி என்று ஒரு சின்னஞ்சிறு தீவு. அங்கு மீன் பிடிப்பவர்கள் முஸ்லிம்கள். வெடி வைத்து மீன் பிடிப்பதால் பவளப்பாறைகள் சிதைந்தன. அரசாங்கம் தடை போட்டது. அதைப் பலரும் பொருட்படுத்தவில்லை. 1990களின் இறுதியில் அங்கே ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. கடலும் மீனும் அல்லாஹ்வின் படைப்பு, நம்மிடம் தரப்பட்ட அமானிதம் என்று அல்குர்ஆனின் ஒளியில் விளக்கப்பட்டது. அதிகாரிகளின் பேச்சுக்கு அசையாத மீனவர்களின் உள்ளம் அதற்கு அசைந்தது. அந்த வகுப்பை நடத்தியவர் பஸ்லுன் காலித் என்ற அறிஞர். அவர் நம் இலங்கையில் பிறந்து பிரித்தானியாவில் குடியேறியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பிரசாரம் என்றால் உரக்கக் கத்துவது என்று நம் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. யாரிடம் பேசுகிறோமோ, அவர் உள்ளத்தில் ஏற்கனவே இருக்கும் நன்மையைத் தொட்டுப் பேசுவதே பிரசாரம். பள்ளிவாசல் தலைவரிடம் பேசும் முறை வேறு. கடை முதலாளியிடம் பேசும் முறை வேறு. பிரதேச சபைக்கு எழுதும் கடிதம் வேறு. இதையும் பழகித்தான் கற்க வேண்டும்.

நம் ஊரில் ஒரு நோன்புக் கஞ்சி

இவையெல்லாம் வெளியூர்க் கதைகள், நம் பிள்ளைகள் எங்கே தொடங்குவது என்கிறீர்களா? ஓர் உதாரணம் சொல்கிறோம்.

ரமழானில் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் கஞ்சி பங்கிடப்படுவது நம் ஊர்களின் அழகிய வழக்கம். நம் வாப்பாமார் சிறுவர்களாயிருந்தபோது கையில் வாளியோ கேத்தலோ மூடியுள்ள சட்டியோ கொண்டு வரிசையில் நின்றார்கள். இன்று பல இடங்களில் கொதிக்கும் கஞ்சி பொலித்தீன் பையில் ஊற்றப்பட்டு, முடிச்சிட்டுக் கொடுக்கப்படுகிறது. கஞ்சியை ஊற்றிய பின் அந்தப் பை வேறெதற்கும் உதவாது. ஒரு பள்ளிவாசலில் நாளொன்றுக்கு 200 பை என்று வைத்துக் கொண்டாலும் 30 நாட்களில் 6,000 பை. புனித மாதத்தில் நாம் பூமிக்குக் கொடுக்கும் பரிசு இதுவா?

உங்கள் மகனும் மகளும் அவர்களின் தோழர் தோழியரும் ஷஃபான் மாதத்திலேயே இந்த வேலையைத் தொடங்கட்டும்.

முதலாவது, ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்கட்டும். ‘சுற்றாடலைக் காப்போம்’ என்பது நல்ல வாசகம். ஆனால் கேட்பவர் நாளைக் காலையில் என்ன செய்வார்? ‘கஞ்சிக்கு வரும்போது பாத்திரம் கொண்டு வாருங்கள்’ என்பது ஒரு வேலை. அதைச் செய்தோமா இல்லையா என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது, எண்ணிப் பார்க்கட்டும். சென்ற வருடம் எத்தனை பை வாங்கினார்கள், எவ்வளவு பணம் செலவானது என்று பள்ளிவாசலில் பணிவாகக் கேட்டு எழுதிக் கொள்ளட்டும். ‘நிறையப் பை’ என்று சொல்பவரைவிட ‘இத்தனை பை’ என்று சொல்பவரின் பேச்சு எடுபடும்.

மூன்றாவது, முடிவெடுப்பவர் யார் என்று அறியட்டும். கஞ்சி ஊற்றுபவரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை. நிர்வாக சபைக்குப் பிள்ளைகளே தங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதட்டும். ஊராரின் கையொப்பத்தையும் சேர்க்கட்டும். கையொப்பம் வாங்கப் போகும்போதுதான் ஒரு பிள்ளை ஸலாம் சொல்லி, தன்னை அறிமுகப்படுத்தி, இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லப் பழகும்.

நான்காவது, மாற்று வழியையும் கொண்டு போகட்டும். பாத்திரம் மறந்து வருபவருக்கும் வழிப்போக்கருக்கும் என்ன செய்வது? மூடியுள்ள சில பாத்திரங்களைப் பள்ளிவாசலிலேயே வைத்து, திருப்பித் தரும்படி கேட்கலாம். இதற்கு உங்கள் வீட்டில் பாவிக்காமல் கிடக்கும் பாத்திரமும் உதவும். குறையை மட்டும் சொல்பவரைவிட, வழியும் சொல்பவருக்கே சபையில் மதிப்பு.

ஐந்தாவது, பொருத்தமான வார்த்தையைப் பொருத்தமான வாயால் சொல்ல வைக்கட்டும். ஜும்ஆவில் கதீப் ஐந்து நிமிடம் பேசினால், அது ஐம்பது சுவரொட்டிக்குச் சமம். அதை அவரிடம் போய்க் கேட்பதும் ஒரு திறன்தான்.

ஆறாவது, பின்தொடரட்டும். முதல் நாள் எல்லாரும் பாத்திரம் கொண்டு வருவார்கள். பத்தாம் நாள் பை மீண்டும் தலைகாட்டும். அப்போது மனமுடையாமல், யாரையும் ஏசாமல், மறுபடியும் நினைவூட்ட வேண்டும். பாலியின் பிள்ளைகள் ஆறு வருடம் செய்தது இதைத்தான். பெருநாள் முடிந்ததும் எத்தனை பை மிச்சமாயிற்று என்று கணக்கெடுத்து ஊருக்குச் சொல்லி, ஒத்துழைத்தவர்களுக்கு நன்றி கூறட்டும்.

இந்த ஆறையும் கஞ்சியில் பழகிய பிள்ளை, நாளை குளம் நிரப்பப்படும்போதும், கண்டல் காடு வெட்டப்படும்போதும், ஆற்று மண் அள்ளப்படும்போதும் என்ன செய்வது என்று அறிந்திருக்கும்.

சட்டம் இருந்தும் ஏன்?

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு, மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அதே வருடம் செப்டெம்பரில் மெல்லிய பொலித்தீனுக்கும், சோறு சுற்றும் லஞ்ச் சீட்டுக்கும், ரெஜிபோம் பெட்டிகளுக்கும் தடை வந்தது. 2021இல் சிறிய சஷே பக்கட்டுகள் உள்ளிட்ட சில பொருட்களுக்கும் தடை வந்தது. ஆயினும் உங்கள் கதவின் பின்னால் தொங்கும் பையைப் பாருங்கள்!

சட்டத்தை வர்த்தமானியிலிருந்து வீட்டுக்குள் கொண்டு வர யாராவது வேண்டும். சோறு கட்டும் கடையில், ‘என் பெட்டியில் போட்டுத் தாருங்கள்’ என்று கேட்க ஒரு வாய் வேண்டும். அந்த வாய் நம் பிள்ளையுடையதாக ஏன் இருக்கக் கூடாது?

பாடசாலைகளில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடி வேலைத்திட்டம் இருக்கிறது. படிப்படியாகப் பதக்கம் பெற்று, ஜனாதிபதிப் பதக்கம் வரை போகலாம். உங்கள் பிள்ளையின் பாடசாலையில் அது இயங்குகிறதா என்று அதிபரிடமோ வகுப்பாசிரியரிடமோ கேளுங்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலையைத் தளமாகக் கொண்டு 1972 முதல் இளம் விலங்கியலாளர் சங்கம் இயங்கி வருகிறது. அங்கே மூத்த இளைஞர்களே இளையவர்களுக்குப் பறவையையும் பாம்பையும் மரத்தையும் அறியக் கற்றுக் கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் நம் பிள்ளைகளும் போய் நிற்க வேண்டும். எல்லா இனத்துப் பிள்ளைகளோடும் சேர்ந்து ஒரு மரத்தை நடுவது, மேடையில் பேசப்படும் எத்தனையோ ஒற்றுமைப் பேச்சுகளைவிட மேலானது.

உம்மாவின் பங்கு

இனி உங்களிடம் சில வார்த்தைகள்.

பிள்ளையின் வேலையை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் காட்டுங்கள். கடிதத்தை நீங்கள் எழுதாதீர்கள். பிள்ளை பேசும்போது திக்கினால் பொறுத்திருங்கள். இடையில் புகுந்து நீங்கள் பேசி முடிக்காதீர்கள்.

பாதுகாப்பைக் கவனியுங்கள். கையொப்பத்துக்குப் போகும் பிள்ளைகள் கூட்டாகப் போகட்டும். நாநாவோ மாமாவோ துணைக்குப் போகட்டும். எவரோடும் தர்க்கம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். கடற்கரையோ குளத்தங்கரையோ துப்புரவு செய்யப் போனால் கையுறை அணியட்டும்; பெரியவர்கள் கூடவே நிற்கட்டும்.

பெண் பிள்ளைகளைப் பின்னால் தள்ளாதீர்கள். ‘குமருப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை?’ என்று யாராவது கேட்பார்கள். கண்ணியமான உடையோடும் நடத்தையோடும், தன் வயதுத் தோழியரோடு, ஊரின் நன்மைக்காக நிற்கும் பிள்ளையைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேச அவளைவிடத் தகுந்தவர் யார்? சமையலறைக் குப்பை பெண்களின் கையிலிருந்துதானே வெளியே போகிறது!

பரீட்சையைக் காரணம் காட்டி முழுவதும் தடுத்து விடாதீர்கள். கிழமையில் இரண்டு மணித்தியாலம் போதும். கணக்கெடுப்பதும், கடிதம் எழுதுவதும், சபையில் பேசுவதும் படிப்புக்குப் புறம்பானவை அல்ல.

தோல்வியையும் அனுமதியுங்கள். நிர்வாக சபை முதல் தடவை மறுக்கலாம். பிள்ளை அழுதுகொண்டு வரும். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. ‘அவங்க என்ன காரணம் சொன்னாங்க? அடுத்த முறை அதுக்கு என்ன பதில் கொண்டு போகலாம்?’ என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், நீங்கள் மாறுங்கள். மகள் ஊருக்குச் சொல்லிக் கொண்டிருக்க, உம்மா கடையிலிருந்து பத்துப் பையோடு வந்தால் பிள்ளையின் முகம் எங்கே போகும்? பழைய சாரத்திலோ சீத்தைத் துணியிலோ இரண்டு பைகளை இன்றைக்கே தைத்துக் கதவருகே மாட்டுங்கள். மீனுக்கு மூடியுள்ள ஒரு பெட்டியை ஒதுக்குங்கள். சமையல் கழிவைப் பையில் முடிச்சிடாமல், வளவு இருந்தால் ஒரு குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். சில மாதங்களில் அது உங்கள் முருங்கைக்கும் மிளகாய்க் கன்றுக்கும் பசளையாகும்.

ஒவ்வொருவரும் பொறுப்பாளி, ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார், பெண் தன் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளி என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாளை மறுமையில் நம் பிள்ளைக்கு என்ன ஊட்டினோம், என்ன உடுத்தினோம் என்பதோடு, அதன் உள்ளத்தில் அல்லாஹ் இட்ட இரக்கத்தை வளர்த்தோமா, வாட விட்டோமா என்ற கேள்வியும் வரலாம் அல்லவா?

இன்று இரவு உங்கள் மகள் ஏதாவது கேட்டால், அடுப்பைச் சற்றுக் குறைத்து வைத்துவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள். “எனக்கும் தெரியல்ல மகள். வா, ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும்.

படைத்தவனின் அமானிதத்தைப் பேணிக் காக்கும் பிள்ளைகளாக நம் பிள்ளைகளையும், அவர்களுக்குத் துணை நிற்கும் தாய்மாராக நம்மையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.